ஜீனோமிக்ஸ் கற்க எந்த ஆன்லைன் கோர்ஸ்? கோர்செராவா, என்பிடெலா, காசில்லாத கேலக்ஸியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு லிங்க் வந்தது. கீழே ஒரே வரி: "இதுல எது சித்தி?"

திருச்சியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மூன்றாம் வருடம் படிக்கிறாள். எம்.எஸ்சி.க்குப் போகும் முன் ஜீனோமிக்ஸ் அடிப்படையைக் கற்றுவிட வேண்டும் என்று ஆசை. ஒரு உயிரியின் மொத்த டிஎன்ஏவை, அதாவது மரபணுத்தொகுதியை, படித்து அலசும் துறை அது. நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப், அதனால் பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு முழுக்கு. மூன்று வருடமாக ராத்திரி அடுக்களை வேலை ஒழிந்த பிறகு இந்தக் கோர்ஸ்களின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். சிலதை முடித்தேன், சிலதைப் பாதியில் விட்டேன். அதனால்தான் என்னிடம் கேட்டாள்.

அவள் அனுப்பியவை: கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜீனோமிக் டேட்டா சயின்ஸ் தொகுப்பு, அதே தளத்தில் கலிபோர்னியா பல்கலைக்கழகம், சான் டியாகோவின் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் (உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரால் அலசுவது) தொகுப்பு, ஐஐடிகளின் பாடங்கள் வரும் என்பிடெல் தளத்தில் ஐஐடி கான்பூரின் ஃபங்ஷனல் ஜீனோமிக்ஸ், நான்காவது கேலக்ஸி பயிற்சித் தளம். முதல் இரண்டும் பேர் பெற்ற இடங்கள் என்பதால் அவள் மனசு அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. இணையத்தில் கிடைக்கும் "டாப் 10" பட்டியல்களும் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத்தான் வரிசை போடுகின்றன.

நான் அவளிடம் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. உனக்கு எங்கே சிக்கும்? உயிரியலிலா, கம்ப்யூட்டரிலா?

எனக்கு எங்கே சிக்கியது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் சேர்ந்தது சான் டியாகோ தொகுப்பில். பாவெல் பெவ்ஸ்னரும் பிலிப் காம்போவும் நடத்துவது. முதல் பாடமே ஒரு புதிரோடு ஆரம்பிக்கும்: பாக்டீரியா தன் டிஎன்ஏவை நகலெடுக்க எந்த இடத்தில் தொடங்குகிறது? டிஎன்ஏவை ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தில் எழுதுவார்கள். காலரா கிருமியின் அந்தப் பகுதியை, 500 சொச்சம் எழுத்து, கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் அடிக்கடி வரும் ஒன்பது எழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இது அல்வா சாப்பிடுவது மாதிரி. பத்து நிமிடத்தில் கோடு எழுதி ஓட்டினேன். மும்மூன்று தடவை வரும் சொற்கள் நான்கு கிடைத்தன. எது உண்மையான குறி? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

விடை உயிரியலில் இருந்தது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஏ-க்கு எதிரே டி, சி-க்கு எதிரே ஜி. ஏடிஜிஏடிசிஏஏஜி என்ற சொல்லை எதிர் இழையில் படித்தால் சிடிடிஜிஏடிசிஏடி. என் பட்டியலில் இந்த இரண்டுமே இருந்தன, இரண்டும் ஒரே சொல்லின் இரு முகங்கள். சேர்த்து எண்ணினால் ஆறு தடவை. அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஆறு தடவை வருவது தற்செயல் இல்லை, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதம் வந்து உட்காரும் இடம் அது. பாடத்தில் இதை விளக்கியிருந்தார்கள். "உயிரியல்தானே" என்று நான்தான் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன். இதை அக்கா மகளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "இது பிளஸ் டூலயே இருக்கு சித்தி!"

சரி, அவளுக்கு? அதே தொகுப்பின் முதல் பயிற்சியை அவள் முன் வைத்தேன். காலரா, நகலெடுப்பு, புரதம் எல்லாம் கடகடவென்று சொன்னாள். "இப்போ எண்ணு" என்றதும் கை நின்றுவிட்டது. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. டெஸ்க்டாப்பில் கண்ணுக்குத் தெரிகிற கோப்பை பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி "இல்லை" என்கிறதே என்று அவளுக்கு ஒரே எரிச்சல். அவள் மேல் குற்றமில்லை. மூன்று வருடத்தில் யாரும் அவளை ஒரு கருப்புத் திரையின் முன் உட்கார வைத்ததில்லை.

இந்த இரண்டு ஆட்களுக்கும் ஒரே கோர்ஸைப் பரிந்துரைக்க முடியாது.

சான் டியாகோ தொகுப்பு என்னைப் போன்ற புரோகிராமர்களுக்கு. ஏழு கோர்ஸ், ஒவ்வொன்றும் ஒரு உயிரியல் கேள்வியில் ஆரம்பித்து ஒரு அல்காரிதத்தில் முடியும். தனியாகச் செய்தால் வருடக்கணக்கில் இழுக்கும், ஆனால் மனசில் நிற்கும். இதன் கூடப்பிறந்தது என்றே சொல்லக்கூடிய ரோசலிண்ட் என்ற இலவசத் தளமும் உண்டு; டிஎன்ஏவின் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பெயரில் வைத்தது. முதல் கணக்கு நான்கு எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவது. இரண்டாவது டிஎன்ஏவை ஆர்என்ஏவாக மாற்றுவது. மூன்றாவது, நான் ஒரு வாரம் தொலைத்த அந்த எதிர் இழைச் சமாசாரமேதான்! தரவுக் கோப்பை இறக்கியதும் ஐந்து நிமிடத்துக்குள் விடை போட வேண்டும், கடிகாரம் ஓடும். புரோகிராமிங் புதிதாகக் கற்கும் உயிரியல் மாணவர்களுக்கும் இது நல்ல பழக்கம். தினம் ஒரு கணக்கு, காபி ஆறும் நேரத்தில்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தொகுப்புக்கு வேறு குணம். எட்டு கோர்ஸ்: அறிமுகம், கேலக்ஸி, பைத்தான், அல்காரிதம், கமாண்ட் லைன் (கட்டளையைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரை இயக்குவது), பயோகண்டக்டர் (ஆர் மொழியில் உயிரியல் தரவுக்கான கருவிகள்), புள்ளியியல், கடைசியில் ஒரு செயல்திட்டம். இதன் பெரிய பலம், கருவிகளைச் செய்தவர்களே வாத்தியார்களாக வந்து நிற்பது. அல்காரிதம் எடுக்கும் பென் லாங்மீட், டிஎன்ஏ துண்டுகள் மரபணுத்தொகுதியில் எங்கே பொருந்தும் என்று தேடும் போடை என்ற பிரபலமான மென்பொருளை எழுதியவர். கேலக்ஸி பாடம் எடுத்த ஜேம்ஸ் டெய்லர் கேலக்ஸியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2020இல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். லாங்மீட் பாடத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால்கூடப் போதும் என்பேன். ஒரு நீள வாக்கியத்துக்குள் ஒரு சின்னச் சொல்லை எப்படி வேகமாகத் தேடுவது என்ற சாதாரணக் கேள்வியிலிருந்து, கிழிந்த துண்டுகளை ஒட்டி முழு மரபணுத்தொகுதியைக் கட்டுவது வரை படிப்படியாக ஏற்றிக் கொண்டுபோவார். பேச்சும் நிதானம். அவருடைய விரிவுரைகள் யூடியூபிலும் இலவசமாக இருக்கின்றன.

ஆனால் தொகுப்பு என்று பார்த்தால் ஏற்றம் ஒரே சீராக இல்லை. அறிமுகப் பாடம் கதை கேட்பது போல லேசாகப் போகும். நான்காவது, ஐந்தாவதுக்கு வரும்போது திடீரென்று செங்குத்து. அறிமுகத்தின் இனிமையை நம்பிப் பணம் கட்டும் உயிரியல் மாணவர் அங்கேதான் திணறுவார். கோர்செராவில் இத்தகைய தொகுப்புக்குக் கட்டணம் மாதச் சந்தா. நாம் திணறித் திணறி நிற்கும் மாதங்களுக்கும் சந்தா ஓடும். அதனால் கமாண்ட் லைனையும் பைத்தான் அரிச்சுவடியையும் வெளியே இலவசமாகப் பழகிவிட்டு, அப்புறம் மீட்டரைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். கட்ட முடியாதவர்கள் காரணம் எழுதிக் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். பதில் வரக் கொஞ்ச நாள் ஆகும், கடைசி நேரத்தில் போடக் கூடாது. இன்னொன்று, இந்தத் தொகுப்பு வந்தது 2015 வாக்கில். 2003இல் முடிந்ததாக அறிவித்த மனித மரபணுத்தொகுதியில் விட்டுப்போன ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை 2022இல்தான் அடைத்தார்கள். 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதித் தரவு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2025 ஜனவரியில். இவற்றையெல்லாம் தனியாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

என்பிடெல் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் மாணவர்களுக்கு இது தெரிந்த வீடு. சேர்வது இலவசம், தேர்வு எழுத மட்டும் ஒரு கோர்ஸுக்கு 1,000 ரூபாய். வாரா வாரம் பயிற்சி, அதற்கு 25 மதிப்பெண். நேரில் தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு விடையைத் தட்ட முடியாது என்பதாலேயே இந்தச் சான்றிதழுக்கு ஒரு மரியாதை உண்டு. என்பிடெலும் சேர்ந்திருக்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக எடுக்கும் படிப்புகளுக்கு, ஒரு பருவத்தின் கிரெடிட்டில் 40 சதவீதம் வரை கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று யுஜிசியின் 2021 விதிமுறை சொல்கிறது. உங்கள் கல்லூரி அதைச் செயல்படுத்துகிறதா என்பதைத் துறையில் கேட்டுவிட்டுச் சேருங்கள். கேட்காமல் சேர்ந்துவிட்டு அப்புறம் அலுவலகம் அலுவலகமாக அலைவதில் பயனில்லை.

ஐஐடி கான்பூரின் பேராசிரியர் எஸ். கணேஷ் எடுக்கும் ஃபங்ஷனல் ஜீனோமிக்ஸ் நான்கே வாரம். மரபணு இருக்கிறது, சரி, அது என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் பாடம். அவரே ஹியூமன் மாலிக்யுலர் ஜெனடிக்ஸ் என்று இன்னொன்றும் எடுத்திருக்கிறார். கணக்குப் பக்கம் வேண்டுமென்றால் ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் மைக்கேல் குரோமிஹாவின் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் பாடம் இருக்கிறது. எல்லாம் எல்லாப் பருவத்திலும் நடக்காது, ஜனவரியிலும் ஜூலையிலும் பட்டியலைப் பார்க்க வேண்டும். வகுப்பறைப் பாடத்தின் வாசனை இவற்றில் தூக்கல். பலகை, படம், விளக்கம், பிறகு நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு. உட்கார்ந்து கேட்டால் தலைக்குள் நன்றாக ஏறும். கைக்கு வேலை குறைவு. எனக்கு இதுதான் குறை. அக்கா மகளுக்கு இது குறையாகவே படவில்லை. பழகிய முறையாயிற்றே.

கைக்கு வேலை வேண்டும் என்றால் நான்காவது லிங்க்தான். அவள் அதை ஏதோ போனால் போகிறதென்று கடைசியில் போட்டிருந்தாள்.

கேலக்ஸி என்பது பிரவுசரில் ஓடும் ஒரு பட்டறை. இடது பக்கம் கருவிகள், வலது பக்கம் நீங்கள் செய்ததன் வரலாறு. கணக்கெல்லாம் அவர்களுடைய சர்வரில் நடக்கும். இது ஏன் முக்கியம் என்றால், மனித மரபணுத்தொகுதி சுமார் 310 கோடி எழுத்து. பிழை தவிர்க்க ஒவ்வொரு எழுத்தையும் வழக்கம்போல் சராசரியாக முப்பது தடவை மெஷினில் படித்தால், ஒரு ஆளுக்கே 9,000 கோடிக்கு மேல் எழுத்து. சுருக்கிய பிறகும் பல பத்து ஜிபி. அவளிடம் இருக்கும் நாலு ஜிபி ராம் லேப்டாப் இதைப் பார்த்தாலே மயங்கி விழும். கேலக்ஸியில் அந்தக் கவலை இல்லை. பயிற்சிகளும் சின்னத் தரவில்தான் தொடங்குகின்றன: பாக்டீரியா, வைரஸ். கொரோனா வைரஸின் மரபணுத்தொகுதி மொத்தமே 29,903 எழுத்து, ஈ. கோலை பாக்டீரியா சுமார் 46 லட்சம்.

அந்த ஞாயிறு மதியமே வீடியோ காலில் இருவரும் தரச் சோதனைப் பயிற்சியைத் திறந்தோம். டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படிக்கும் சீக்வென்சிங் மெஷின் கொடுக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி. முதல் வரி @ குறியோடு தொடங்கும் பெயர். இரண்டாவது டிஎன்ஏ எழுத்துகள். மூன்றாவதில் ஒரு கூட்டல் குறி. நான்காவது, பூனை கீபோர்டில் நடந்தது மாதிரி இருக்கும்: ஆச்சரியக்குறி, சதவீதக்குறி, கேள்விக்குறி, என்னென்னவோ. அது ஒவ்வொரு எழுத்துக்கும் மெஷின் தரும் நம்பிக்கை மதிப்பெண். அங்கே கேள்விக்குறி இருந்தால் மதிப்பெண் 30, அதாவது அந்த எழுத்து தவறாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. "கேள்விக்குறின்னா சந்தேகம்னு நெனச்சேன், அது நல்ல மார்க்கா?" என்றாள்.

இதே கோப்பில் நான் முன்பு அடித்த கூத்தையும் சொன்னேன். எத்தனை துண்டு இருக்கிறது என்று தெரிய, @ குறியில் தொடங்கும் வரிகளை எண்ணினேன். புரோகிராமர் புத்தி. வர வேண்டியதைவிடக் கூடுதலாக வந்தது. ஏனென்றால் @ குறியும் ஒரு மதிப்பெண்தான், 31. நான்காவது வரியே அதில் தொடங்கலாம். மொத்த வரிகளை நான்கால் வகுப்பதுதான் வழி. இந்த மாதிரிச் சின்னப் பள்ளங்களில் விழுந்து எழுந்தால்தான் தரவு கைக்குப் பழகும், விரிவுரை மட்டும் கேட்டால் பழகாது.

கேலக்ஸியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டனை அமுக்கினால் படம் வந்துவிடும். ஏன் வந்தது என்று தெரியாமலே பத்துப் பயிற்சியை முடித்துவிடலாம். நடுநடுவே கேள்வி கேட்டு விடையை மறைத்து வைத்திருப்பார்கள், அதை யோசிக்காமல் திறந்து பார்க்கும் ஆளுக்கு இது வேலைக்காகாது. கெடு கிடையாது, விரட்ட ஆள் கிடையாது. தானாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் என்பிடெலின் வாராந்திரக் கெடுவை நம்புவதே நல்லது.

உயிரியல் தெரியாமல் வருபவர்களுக்கு ஒரு சொல். எரிக் லேண்டர் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 2013இல் தொடங்கிய எம்ஐடியின் அறிமுக உயிரியல் பாடத்தை முதலில் பாருங்கள். மனித மரபணுத்தொகுதித் திட்டத்தை நடத்திய தலைகளில் அவர் ஒருவர். நான் சான் டியாகோவில் அடிபட்டுத் திரும்பி வந்து இதைத்தான் செய்தேன். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். புள்ளியியல் பலவீனமாக இருந்தால் ஹார்வர்டின் ரஃபேல் இரிசாரி எடுக்கும் பாடங்கள் இருக்கின்றன, ஆர் மொழியில். அது அடுத்த கட்டம், இப்போது வேண்டாம்.

கடைசியில் அவளுக்கு முடிவு செய்தது இது. முதல் இரண்டு வாரம் கேலக்ஸி மட்டும், செலவு பூஜ்யம். ஜூலையில் என்பிடெல், 1,000 ரூபாய். தினம் ராத்திரி ரோசலிண்டில் ஒரு கணக்கு. ஜான்ஸ் ஹாப்கின்ஸை அடுத்த வருடம் பார்க்கலாம், அதுவும் ரோசலிண்டில் முப்பது கணக்கு முடித்துவிட்டால். சான் டியாகோ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல, கொஞ்சம் முகம் வாடியது. "சர்டிஃபிகேட்ல அந்தப் பேர் இருந்தா நல்லா இருக்குமே?" இருக்கும்தான். ஆனால் நேர்காணலில் ஒரு ஃபாஸ்ட்க்யூ கோப்பைக் கொடுத்து "முதலில் என்ன பார்ப்பாய்" என்று கேட்டால், அந்தப் பெயர் பதில் சொல்லாது.

கூடவே ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தேன். இங்கிலாந்தில் ஹிங்ஸ்டனில் இருக்கும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிலையத்தில் குட்டிக் குட்டி இலவசப் பாடங்கள் உண்டு. அங்கே அரை மணி நேரத்தில் என்செம்பிள் என்ற மரபணுத்தொகுதி உலாவியைப் பழகலாம். அதில் அரிவாள் செல் நோயின் மரபணுவைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். இந்தியாவில் அந்த நோய்க்குக் காரணமான மாறிய ஹீமோகுளோபினை முதலில் கண்டதே 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், அவளுக்கும் பாடத்தில் வந்த விஷயம்.

புதன்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு போன். "சித்தி, புக்ல ஆறாவது அமினோ அமிலம் மாறுதுன்னு இருக்கு, இங்க ஏழுன்னு காட்டுது. புக்ல ஏ, டி ஆகுது. இங்க டி, ஏ ஆகுது. எது தப்பு?"

இரண்டும் சரி. பழைய புத்தகங்கள் ரத்தத்திலிருந்து எடுத்த புரதத்தை எண்ணின. தொடக்கத்தில் சேரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அதில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். கம்ப்யூட்டர் மரபணுவிலிருந்து எண்ணுகிறது, அதனால் ஒன்று கூடுதல். இதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மறுமுனையில் ஒரு சின்ன அமைதி, பிறகு அவளே சொன்னாள்: "அய்யோ, இந்த ஜீன் எதிர் இழையில இருக்கு, இல்ல?"